வெறும் எடை

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.
செல்போன் மட்டும் அந்தப் பக்கம் போய்விட்டது.
கேரளம் உங்களை வரவேற்கிறது என்கிறது,
இன்றைக்கு நாலாவது தடவை.

எடைமேடையில் நெட்வொர்க் படுத்து இரண்டு மணி நேரம்.
வைக்கோல் லாரி, கறிக்கோழி வேன்,
தேங்காய் மட்டை ஏற்றிய டெம்போ, ஒரு தக்காளி வண்டி;
வரிசை புளியமரத்தைத் தாண்டிவிட்டது.
மேடைக்கு எடை தெரிகிறது.
கம்ப்யூட்டரிடம் அதைச் சொல்லத்தான் வழியில்லை.

மேசைக்கு அடியில் தவழ்ந்து போனேன்.
பீடித்துண்டு, காய்ந்த பல்லி,
சுவிட்சில் எல்லா விளக்கும் ஒரே மூச்சில் படபடவென்று.
ஃபேன் மாட்ட வந்த யாரோ
அனாதையாகத் தொங்கிய வயர் முனைமேல் இரக்கப்பட்டு
காலியாக இருந்த துளையில் செருகிவிட்டுப் போயிருக்கிறான்.
மறுமுனையும் அதே சுவிட்சில்.
தன் பேச்சைத் தானே கேட்டு, தனக்கே பதில் சொல்லி,
அந்தப் பதிலுக்கும் பதில் சொல்லி
தொண்டை கட்டிப் போயிருந்தது அது.
பிடுங்கினேன்.
பதினோரு நிமிடம்.

"எத்ர?" என்றார் சிவதாசன்.
"முதல் மணி நேரம் ஆயிரத்து அறுநூறு."
அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.
கடைசியில் குரல் கொஞ்சம் வழுக்கியது.

"ஒரு வயரு ஊரினதுக்கா, ஜெசிந்தா?
போன மாசம் நானூறு வாங்கின ஆளுதானே நீ?"

ஆமாம், நானூறு.
கோவைக் கம்பெனியை விட்டு வந்த அன்று
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போட்ட கணக்கு.
சம்பளம் அறுபத்து நாலாயிரம், மாதம் நூற்றறுபது மணி நேரம்.
வகுத்தால் மீதியே இல்லை.
மீதி வராத கணக்கென்றால் எனக்கு ஒரு மயக்கம்.

அந்த நூற்றறுபதில் எதை விற்றேன் என்று
ஒரு வருடம் கழித்துத்தான் எண்ணினேன்.
வேலந்தாவளம் ரோட்டில் ஸ்கூட்டர் தின்றது போக,
கொட்டேஷன் அனுப்பிவிட்டு நீல டிக்குக்குக் காத்திருந்தது போக,
சித்தூர்ப் பால் பிளான்டில்
மேனேஜர் ஊணு கழிக்கப் போயிருக்கு என்று
நாற்காலி காட்டப்பட்ட மதியங்கள் போக,
புது ரௌட்டரை ராத்திரி இரண்டு மணிக்கு
எனக்கு நானே வகுப்பெடுத்துப் படித்தது போக,
காய்ச்சல் போக,
வராத பணத்துக்குப் போன் போட்டு
"சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்தது போக
ஐம்பது.
அதுவும் நல்ல மாதத்தில்.

தக்காளி வண்டி மேடை ஏறியது.
மொத்தம் ஒன்பதாயிரத்து எண்ணூற்று அறுபது.
வெறும் வண்டி நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து.
சரக்கு ஐயாயிரத்து ஐந்நூற்றைம்பது.
பிரிண்டர் கிறீச்சிட்டுச் சீட்டைத் துப்பியது.
என்ன தோன்றியதோ, டிரைவரைக் கேட்டேன்:
"டீசல் எந்த எடைக்கு எரியும்?"
"மொத்தத்துக்குந்தான். வண்டிய வீட்டுல வெச்சுட்டா வர முடியும்?"
சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

சிவதாசன் சிரிக்கவில்லை.
வரிசையைப் பார்த்தார், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்,
கல்லாவைத் திறந்து இரண்டு ஐந்நூறு எடுத்து வைத்தார்.
"பாக்கி பின்னே."
ரசீதில் எழுதினேன்: பாக்கி அறுநூறு.
பேனா நன்றாகவே அழுத்தியது.

கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பும் வழியில்
கோழிக்குஞ்சுப் பண்ணை வேலுமணி கூப்பிட்டார்.
கேமரா எதுவும் வரலையாம்.
ரேட்டு அதேதானுங்களே?
வண்டியை ஓரங்கட்டி,
கள்ளுத் தென்னைகளைப் பார்த்தபடி
"இல்லைங்க" என்றேன். எண்ணைச் சொன்னேன்.
இந்த முறை வழுக்கவில்லை.

கொஞ்ச நேரம் குஞ்சுகளின் சத்தம் மட்டும்.
பிறகு அதுவும் இல்லை.
லைனை வெட்டியது அவரா, டவர் மாறியதா,
இந்த எல்லையில் அதைத் தெரிந்துகொள்ள முடியாது.
திரும்பக் கூப்பிடாமல்
பத்து நிமிடம் அங்கேயே நின்றேன்.

அதையும் சேர்த்துத்தான்
அந்த ஆயிரத்து அறுநூறு.